அந்தப் பெட்டி இனி வராது

தங்கையின் ஆபரேஷனுக்குத் துணையாகக் கிளம்பிய மனைவியை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு, சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் ‘ரெண்டு நிமிஷம்’. குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும், குழாய் சொட்டினாலும், “ரெண்டு நிமிஷம் குடுங்க” என்று ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பார். அவர் போன பிறகு அந்த வீட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். ஆபீஸில் ஆட்குறைப்பு என்று அவரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இந்த உபகாரம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் படியிறங்கியதும் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் மனைவியுடையது. வீடு ஓடுவது அதில்தான். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு எம்பிராய்டரி மெஷின் நிற்கிறது. யூனிஃபார்ம் சட்டைகளின் பைமேல் கம்பெனி முத்திரை போடுகிற மெஷின். எந்த இடத்தில் எந்த நூல், தையல் எவ்வளவு நெருக்கம் என்று அவள் திரையில் வரைந்து அனுப்பினால்தான் ஊசி அசையும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர். மெஷினோடு வந்தது. அதை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

அவரை உறுத்தியது வேறு. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து, ஏதோ ஃபைலைக் காணோம் என்று புலம்பும். அதே கம்பெனியிடம் வாங்கிய துணி வெட்டும் மெஷினை எப்போதோ தள்ளிவிட்டாயிற்று, அதன் சாஃப்ட்வேரின் மிச்சம் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைமுடியை முடிந்துகொண்டே அந்தப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒருநாள் தன் அண்ணன் எதிரிலேயே, “ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குறாரு, இந்தப் பெட்டிய மட்டும் போக வைக்க முடியல பாருண்ணே” என்று சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். அன்று ராத்திரி இவருக்குச் சோறு இறங்கவில்லை.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் பத்திரத்துக்கு அதை ஒரு படி எடுத்துக்கொள்ளச் சொல்லி, நெட்டில் பார்த்த இடமெல்லாம் எச்சரிக்கை போட்டிருந்தது. இவரும் எடுத்தார். கம்ப்யூட்டரின் குடலே இந்த ரெஜிஸ்ட்ரிதான், எந்த சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, எதற்கு அனுமதி இருக்கிறது என்பதெல்லாம் அதில் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கும். புலம்பும் பெட்டி இருந்த கிளையில் நின்றபடி படி எடுத்தார். அந்த வரியை அழித்தார். அதோடு எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மிச்சம் மீதி வேறெங்காவது இருக்குமே என்று கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினார். தேடல் அவரைக் கையைப் பிடித்து அடுத்த கிளைக்குக் கூட்டிப்போனது. அங்கேயும் அதே பெயர். செத்துப்போன கம்பெனிக்கு இத்தனை இடம் எதற்கு என்று மொத்தமாக வழித்துப் போட்டார். அதுதான் படி எடுத்தாயிற்றே.

மறுபடி போட்டபோது பெட்டி வரவில்லை. எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு விசிலடித்தார் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள்.

எம்பிராய்டரி சாஃப்ட்வேரைத் திறந்தபோது, அது லைசென்ஸ் எண் கேட்டது.

படியைத் திருப்பிப் போட்டார். ‘வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது’ என்றது. சாஃப்ட்வேர் மறுபடியும் எண் கேட்டது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எதிரே வந்த கீழ்வீட்டுக்காரர், “என்ன சார், நம்ம வைத்தியரே ஆஸ்பத்திரிக்குப் போறாரு?” என்றார். இவர் நிற்காமல் தெருவில் இறங்கினார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரர் வெகுநேரம் நோண்டிப் பார்த்தார்.

“படி எடுத்தீங்களா சார்?”

“எடுத்தேன்.”

“எதை?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. படி எடுத்தது ஒரு கிளையை. வெட்டியது இன்னொன்றை.

“சரி விடுங்க, கம்ப்யூட்டர் தானாவே பழைய நிலைமைய சேத்து வைக்குமே, அதுல பாக்கலாம்… யாரு சார் இத ஆஃப் பண்ணி வெச்சது?”

“இடத்த அடைக்குதுன்னு…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“டிசைன் எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா இந்த சாஃப்ட்வேர் இல்லாம ஒண்ணு கூடத் திறக்காது. எண்ணு குடுக்குறதுக்கு கம்பெனியும் இல்ல. என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவள் இல்லாத நாளெல்லாம் அவர் வெளியே தலைகாட்டவில்லை. அந்தப் படியை எத்தனை தடவை திருப்பிப் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அது வெற்றி என்றே சொன்னது. போனில் அவள், “வந்ததும் அந்த ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் சட்டைக்கெல்லாம் முத்திரை போட்டு முடிச்சிரணுங்க. நாள் தவறுச்சுன்னா ஆர்டர் எதிர் கடைக்குப் போயிரும். அதுக்கப்புறம் நமக்கு யாரு குடுப்பா? மெஷின் மேல தூசி படாம மூடி வெச்சிருக்கீங்கல்ல?” என்றாள்.

“மூடித்தான் இருக்கு” என்றார். சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டார்.

வந்தவள் தோள் பையை நாற்காலியில் மாட்டினாள். முத்திரைக்குக் காத்திருக்கும் வெள்ளைச் சட்டைக் குவியலை ஒரு கையால் நகர்த்தி, மறு கையால் கம்ப்யூட்டரைப் போட்டாள். தலைமுடியை முடிந்தாள். திரை வெளிச்சமானதும் பழக்கத்தில் நடுவில் தட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு.

“அட!” திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பெட்டி வரலையே. நீங்களா?”

“ம்.”

“பரவால்லையே! அண்ணங்கிட்ட சொல்றேன் இருங்க.” அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவரைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாயிற்று. “நாக்கு வறண்டு கெடக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க.”

சமையலறையில் குழாயைத் திறந்து டம்ளரை நீட்டினார். முன்னறையில் மெஷினின் துணியுறையை அவள் உருவி உதறுவது கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஒரு கிளிக். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டம்ளர் நிரம்பி, தண்ணீர் அவர் விரல்களின் மேல் வழிந்துகொண்டிருந்தது.