அறுபடாத கிடா

எப்லா மாவுச் சாக்குக்குள் முழங்கை வரை கையை நுழைத்துக் கணவன் தேகோவின் கத்தியை அடியில் வைத்து அழுத்தினாள். வெளியே சேற்றில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் தேகோவை அடக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"என்னடி தேடுறே?" என்றாள் பக்கத்துக் குடிசை பர்வாகோ. விடிந்ததிலிருந்து அவள்தான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள்.

"தேடலக்கா. ஒளிக்கிறேன்."

பர்வாகோ சாக்கைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "உன் கொழுந்தன் சும்மா இருப்பானா? அவனுக்குத் துக்கம் வந்தாலே கறி வாசம் வேணும்."

மழை நின்று பதினைந்து நாள் ஆகியும் தண்ணீர் வடியவில்லை. தானா ஆறு எங்கே முடிகிறது, மேய்ச்சல் நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எருவைப் புகைத்துப் பார்த்தார்கள், கொசு அசையவில்லை. முதலில் செம்மறிகள் மாதம் நிறையாமலே குட்டிகளை வீசின. ஒரே வாரத்தில் பட்டியில் முப்பத்தொரு செத்த குட்டிகள். பிறகு தாய்கள் சாகத் தொடங்கின. தேகோவுக்குக் காய்ச்சல் வந்து, கண் சிவந்து, ஈறில் ரத்தம் கசிந்தபோது கரிஸ்ஸா ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை தண்ணீருக்கடியில் கிடந்தது. இன்று அதிகாலையில் மூச்சு நின்றது.

வெளியே கிடாவின் கத்தல் கேட்டது. எப்லா வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், நீ வெளியே போகக் கூடாதுடி. புருஷன் போன அன்னிக்கே ஆம்பளைங்க முன்னாடி நிப்பியா?"

எப்லா போய்விட்டாள்.

பட்டியின் முள்வேலி வாசலில் அப்தில்லே கிடாவின் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். தேகோவின் தம்பி. நல்ல கிடா, கொழுத்த வால். எப்லா வாசலை மறித்து நின்றாள்.

"மதினி, உள்ளே போங்க."

"அதை விடு."

"கத்தி எங்கே? அண்ணன் கத்தி?"

"தர மாட்டேன். ரத்தம் பட்டா நோய் தொத்தும், ஆட்டை அறுக்கக் கூடாதுன்னு ரேடியோவுல சொல்லியாச்சு."

"ரேடியோக்காரன் வீட்டுல எத்தனை ஆடு இருக்காம்?" அப்தில்லே மரத்தடியைக் காட்டினான். இருபது பேர் இடுப்புவரை நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். "மூணு மணி நேரம் தண்ணியில நடந்து வந்திருக்காங்க. என் அண்ணன் மய்யித்துக்கு வந்தவங்க வெறும் டீயைக் குடிச்சுட்டுப் போகணுமா? நாளைக்கு நம்ம குலத்தை என்ன பேசுவாங்க?"

"சோறு ஆக்குறோம்."

"சோறா? அவங்க என்ன கோழியா, அரிசியைக் கொத்திட்டுப் போக?"

மரத்தடியில் யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக்கிக்கொண்டார்கள்.

"இந்தக் கிடா நல்லாத்தான் இருக்கு மதினி. பாருங்க, கண்ணைப் பாருங்க."

"உன் அண்ணன் கடைசியா அறுத்த ஆடும் காலையில நல்லாத்தான் மேஞ்சுது."

அப்தில்லே கயிற்றைச் சுண்டினான். கிடா ஓர் அடி முன்னால் வந்தது. எப்லா நகரவில்லை.

"மத்தியானம் விழுந்துடுச்சு. வாயில நுரை. நான்தான் கூப்பிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஓடி வாங்க, உயிர் போறதுக்குள்ள அறுங்க, செத்துட்டா ஹராமாயிடும், ஒரு ஆட்டுக் கறி வீணாயிடும்னு நான்தான் கத்தினேன். அவர் தொழுகைக்குக் கால் கழுவிட்டு இருந்தாரு. கத்தியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரத்தம் முகத்துல பீய்ச்சி அடிச்சுது. துடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. கறியை நல்லா வேகவெச்சுதான் எல்லாரும் தின்னோம். எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைங்களுக்கும் ஒண்ணுமில்ல. அறுத்தவருக்குத்தான் நாலாம் நாள் காய்ச்சல்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தேகோவிடமும் பேசியதில்லை.

"இன்னிக்கு யாரு அறுக்கப் போறா?" என்றாள். "நீயா? தோலை யாரு உரிப்பா? குடலை உன் பொண்டாட்டியா கழுவப் போறா?"

அப்தில்லே தரையைப் பார்த்தான். கயிறு பிடித்த கை மட்டும் விடாமல் இருந்தது. மரத்தடியில் கொசுவை அடிக்கும் சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது.

கடைசியில் கூட்டத்திலேயே மூத்தவர், இந்தக் குலத்துக்குள் எந்தச் சாவென்றாலும் கறியில் முதல் துண்டு வாங்குகிறவர், காலிக் குவளையைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்தில்லே! டீயில சக்கரை கம்மி. உங்க வீட்டுல சக்கரைக்குமா தட்டுப்பாடு?"

அப்தில்லே கயிற்றை விட்டான். அவிழ்க்கவில்லை, விட்டான். எப்லாவைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் நடந்தான்.

சாயங்காலம் சோறு பரிமாறினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் தட்டில் மிச்சமில்லை. எப்லா குடிசைக்குள் சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது பட்டியிலிருந்து முனகல் வந்தது. குட்டி வீசாமல் மிஞ்சியிருந்த சினையாடு அது ஒன்றுதான். நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. அதுவும் போய்விடும் என்று அவள் ஏற்கெனவே கணக்கிலிருந்து தள்ளிவிட்டிருந்தாள்.

அவள் எழுவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. அப்தில்லே.

"அக்கா," என்று பர்வாகோவைத்தான் கூப்பிட்டான். "சக்கரை வந்த பிளாஸ்டிக் பை ரெண்டு இருந்தா குடுங்க."

"எதுக்குடா?"

"குடுங்கன்னா."

பர்வாகோ அவன் இரண்டு கைகளிலும் பையை மாட்டி, மணிக்கட்டில் நாரால் இறுக்கினாள். "கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிக் கையைக் காட்டினதில்ல," என்றாள். அவன் பட்டிக்கு நடந்தான்.

எப்லா வேலியோரம் நின்று பார்த்தாள். குட்டி தலைக்குப் பதில் பின்கால் முன்னால் வந்தது. அப்தில்லே முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு மெதுவாக இழுத்தான். ஈரமாக, அசையாமல், சேற்றில் விழுந்தது. அவன் ஒரு பிடி உலர்ந்த புல்லால் அதன் மூக்கைத் தேய்த்தான். மறுபடி தேய்த்தான்.

குட்டி தும்மியது.

தாய் திரும்பி நக்கத் தொடங்கியது. அப்தில்லே பை மாட்டிய இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். நாரை யாராவது அவிழ்க்க வேண்டும். எப்லா தண்ணீர்க் குடத்தையும் சோப்பையும் கொண்டுவந்து வேலிக்கு உள்ளே வைத்தாள்.

மரத்தடியில் காலிக் குவளைகளுக்கு நடுவே கிடா, கழுத்தில் இன்னும் கயிறோடு, சிந்திய சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.