பின்னால் நிற்பவர்

அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது புல்லட்டை விற்பதென்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவருடைய இடது முழங்கால்.

அப்பா கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். திருவள்ளூரிலிருந்து புல்லட்டில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியைப் பூண்டிக்கு அப்பால் அல்லிக்குழி மேட்டுக்கு ஓட்டிப்போய்க் கல்மேல் ஏற்றுவார். சோழவரத்தில் பந்தயம் விடுகிறவர்கள் வேகத்துக்காக ஓட்டினார்கள். அப்பாவுக்கு வேகத்தில் ஆசை இல்லை. மோட்டார் கிளப்புக்காரர்கள் வருஷம் ஒருமுறை வேறொரு போட்டி நடத்தினார்கள். பாறையும் சரளையுமான சரிவில் கால் தரையில் படாமல் மெதுவாக ஏற வேண்டும். கால் பட்டால் ஒரு புள்ளி போகும். வேறு யாராவது வண்டியைத் தொட்டால் ஐந்து போகும்.

தொடக் கூடாதென்றாலும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்பது வழக்கம். வண்டி உருண்டு வந்தால் பிடிக்க. அப்பாவுக்குப் பின்னால் மோசஸ் நின்றார்.

மோசஸ், மணவாள நகரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அப்பாவைவிட இரண்டு வயது சின்னவர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார், யாரும் கூப்பிட்டதுமில்லை. அல்லிக்குழி போனதும் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, சரிவின் பாதியில் கால்களை அகட்டி நிற்பார்.

"இன்னா சாமி, இன்னைக்காவது நாமம் கலையாம ஏறுவியா?"

"நீ பேசாம நில்லுடா. உன் வாய்தான் என்னைக் கீழ தள்றது."

"நான் நின்னுகினுதான் கீறேன். நீ ஏறு."

மோசஸ் நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அப்பா கியரைப் போடுவார். பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருஷமும் மகள் நானும் அவர்களோடு போனேன். விழுந்தால் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அம்மா அனுப்பினாள். காபி பிளாஸ்க்கோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னோடு பேச வேண்டியிருக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முழங்கால் மடங்கிவிட்டது. புல்லட் பின்பக்கமாக உருண்டது. மோசஸ் விலகவில்லை. மார்பைக் கொடுத்துத் தாங்கினார். அப்பாவுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மோசஸின் வலது தோள் இறங்கிப்போயிற்று. அவர் மனைவி ஆரோக்கியமேரி பல நாள் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரால் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"போறும்னா," என்றாள் அம்மா. "ஊரார் பிள்ளையைக் கொன்னுட்டு வந்து நிக்கப் போறேளா?"

 அப்பா சின்ன வண்டி தேட ஆரம்பித்தார்.

கண்டுபிடித்துக் கொடுத்தவர் மோசஸ்தான். கவரைப்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று இழுவை நன்றாக உள்ளது, கொஞ்சம் பெரியது. மற்றது சின்னது, நூற்றெழுபத்தைந்து சி.சி. நானும் கூடப் போயிருந்தேன். அப்பா பெரியதில் உட்கார்ந்தார். குதிகால் தரையைத் தொடவில்லை. எங்களைப் பார்க்காமல் இறங்கினார். சின்னதில் இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்தன.

"பால்காரன் வண்டி மாதிரி இருக்கே, மோசஸ்."

"உனுக்கு மாப்ள ஊர்கோலமா போவணும்? கல்லு மேல ஏறணும். அதப் பாரு." மோசஸ் அதைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்து, இடது கையால் மட்டும் தூக்கி நிறுத்தினார். "பாத்தியா? வுழுந்தாலும் நீயே தூக்கிப்ப."

சரியென்று அப்பா தலையாட்டினார். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து மோசஸ் பல வாரம் அதோடு கிடந்தார். நீள ஸீட்டை எடுத்துவிட்டு ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சின்னதாக வைத்தார். சைலன்ஸரைக் கல் தட்டாமல் மேலே தூக்கிக் கட்டினார். பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டார். நடக்கிற வேகத்தில் திணறாமல் போகும். கையைத் தூக்கி எடுக்க முடியாத சாமான்களை முக்காலியில் ஏறி எடுத்துக்கொண்டார்.

தை மாதம் முதல் ஞாயிறு அல்லிக்குழி போனோம். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் மோசஸும் நானும் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். மோசஸ் சட்டையை மாட்டிவிட்டு வழக்கமான இடத்தில் நின்றார். வலது கை பாதிதான் எழும்பியது. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கியரைப் போட்டார். வண்டி சரளையில் லேசாக வழுக்கி, நிமிர்ந்து, சத்தமே பெரிதாக இல்லாமல் ஏறிற்று. உச்சியில் போய் நின்றது. கால் படவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. வெட்கமாக இருந்ததால் தட்டவில்லை.

"மறுபடி ஏறு சாமி," என்று மோசஸ் கத்தினார். மறுபடியும் ஏறினார். பிறகு இன்னும் கடினமான பக்கத்தில். அங்கேயும் மோசஸ் நகர்ந்துபோய் நின்றார். அங்கேயும் ஏறிவிட்டது. மோசஸ் கைகளை இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைக்கக் கையில் ஒன்றுமில்லை.

அப்பா மேலேயிருந்து அதைப் பார்த்தார்.

அடுத்த முறை ஏறும்போது பாதியில் இன்ஜின் உறுமியது. இழுக்கிற சத்தம் இல்லை. பாரம் விட்டுப்போன சத்தம். அப்பா கிளட்ச்சைப் பிடித்துவிட்டார். வேண்டுமென்றே. எனக்கே தெரிந்தது. வண்டி பின்னால் உருண்டது. மோசஸ் தாங்கிப் பிடித்தார். அந்தத் தோளில் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"வழுக்கிடுத்து," என்றார் அப்பா.

மோசஸ் வண்டியை நேராக நிறுத்தினார். ஸ்டாண்டைப் போட்டார்.

"இருபது வருஷமா உன் வண்டி சத்தத்த கேட்டுகினு கீறேன் சாமி. எனுக்கேவா?"

"இல்ல மோசஸ், முழங்கால்..."

"முட்டி இன்னா பண்ணுச்சு? கைதானே பண்ணுச்சு." குரலில் கோபம் இல்லை. "வுழுவறவன புடிக்க நிப்பேன். எனுக்கு வேல குடுக்கணும்னு வுழுவறவனுக்கு நான் இன்னாத்துக்கு நிக்கணும்? இந்த வண்டிய நானே தான செஞ்சேன். நிக்க வேணாம்னுதான் செஞ்சேன். செஞ்சப்போ தெரில, இப்டி இருக்கும்னு."

"நீ நின்னாத்தான்டா எனக்குத் தைரியம்."

"அது பழைய வண்டிக்கு."

மரத்திலிருந்து சட்டையை எடுத்தார். வலது கை சட்டைக்குள் போக நேரமாயிற்று. அப்பா உதவப் போனார். பாதி வழியில் நின்றுவிட்டார். மோசஸ் என்னிடம் வந்து, "காப்பி இருக்குதா பாப்பா?" என்று கேட்டு, தன் பையிலிருந்த தகர டம்ளரில் வாங்கிக் குடித்தார். பிறகு பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார். அப்பா அன்று மறுபடி ஏறவில்லை. வண்டியைக் கிளப்பாமல் ரோடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. வண்டியை எடுத்துப்போனால் மோசஸ் செயினுக்கு எண்ணெய் விடுவார், பிரேக் பார்ப்பார், கிண்டல் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. பூசை முடிந்து ஆரோக்கியமேரியோடு நேராக வீட்டுக்குப் போனார். அப்பாவும் கூப்பிடவில்லை. அப்பா தனியாகப் போய்ப் பழகினார்.

மாசியில் போட்டி நடந்தது. அப்பா அத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. யாரோ மாலைகூடப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஷெட்டில் நிறுத்தினார். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற வழியில் நானும் அங்கே நின்றேன். மோசஸ் குனிந்து பிரேக் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தினி தபா கால் வெச்ச?"

"ரெண்டே தடவை."

"ரெண்டா! கில்லாடிதான் நீ." இன்னொரு திருப்பு திருப்பினார். "பின்னால எவன் நின்னான்?"

"யாரும் நிக்கலை."

மோசஸ் தலையாட்டினார். பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "சரியா கீது, போ," என்றார்.