சுவரை விட்டு இறங்காத நிழல்

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு டிமகாட்சோவின் நிழல் அறிவியல் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அது இறங்கவே இல்லை. ஜோஹன்னஸ்பர்கில் பழைய டிராம் கொட்டகை ஒன்றை இடிக்காமல் அப்படியே கூடமாக்கியிருந்தார்கள். அங்கே எதையும் தொடலாம், திருகலாம், ஊதலாம், உதைக்கக்கூடச் செய்யலாம். நிழற்சுவர் முதல் மாடியில் இருந்தது. பச்சையாக ஒளிரும் பூச்சு பூசிய அந்தச் சுவரின் முன்னால் நின்று பொத்தானை அழுத்தினால் பளீரென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். ஆள் நகர்ந்துபோன பின்னும் நிழல் கறுப்பாக அங்கேயே நின்று நாற்பது விநாடியில் மறையும். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் நாற்பது விநாடிதான். டிமகாட்சோ விளக்குநராக வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நேரத்தில் தின்னக்கூடாது என்ற விதியை மதிக்காமல் மக்வின்யா ஒன்றைக் கையில் வைத்துக் கடித்தபடி, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவரை இயக்கிக் காட்டினாள். வெளிச்சம் அடித்தது, அவள் நகர்ந்தாள், நிழல் நகரவில்லை. தூக்கிய கையும், கையில் எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டையும், பின்னுக்குச் சாய்ந்த தலையுமாக மறுநாளும் மறுவாரமும் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது. பெயின்டர்கள் வந்து இரண்டு கை புதுப் பூச்சு அடித்தார்கள். மாலைத் தேநீருக்குள் நிழல் பூச்சுக்கு மேலே வந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் நடு மத்தியானத்தில் டிமகாட்சோ நடந்தபோது அவளுக்குக் கீழே எதுவும் விழவில்லை என்பதைக் காவலாளிதான் முதலில் கவனித்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று இங்கே இருந்தால் அங்கே இருக்காது, அவ்வளவுதானே. ஆனால் அங்கே பேசும் சோத்தோ மொழியில் நிழலுக்குச் செரிதி என்று பெயர். ஒரு மனிதரின் கௌரவத்துக்கும் அதே பெயர்தான். ஆகவே சுவரே விட மறுக்கும் அளவுக்கு அந்தப் பெண்ணுக்குச் செரிதி கனமாக இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. ஒருவருடைய செரிதியைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோவது மரியாதையில்லை என்பதால், சுவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் அதற்கு “டுமெலா” என்று வணக்கம் சொன்னார்கள். கூடத்துக்குக் கூட்டம் மூன்று மடங்கானது. அதிசயங்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவளுக்கு அதிசயம் நடக்காமல் வேறு யாருக்கு நடக்கும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். டிமகாட்சோ என்றால் அதுதான் அர்த்தம்.

புலெங்குக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவள் அந்தக் கூடத்தில் பதினான்கு வருஷமாக விளக்குநர். கூடத்தின் நடுவே மூன்று மாடி உயரத்திலிருந்து தொங்கிய, பூமி சுற்றுவதைக் காட்டும் இரும்பு ஊசல் அவளுடையது. தினமும் காலை கூடத்தைத் திறந்துவைப்பதும் அந்த ஊசல்தான். கையால் தள்ளினால் அது கோணிப்போகும் என்பதால், அதை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டிவைத்து, அசைவெல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, நூலைத் தீக்குச்சியால் எரிக்க வேண்டும். அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, புலெங் தீக்குச்சியை உரசுவாள். பூமி சுற்றுவதைத் தானே தொடங்கிவைப்பதுபோல் அப்போது அவளுக்கு இருக்கும். நிழல் ஒட்டிய நாளிலிருந்து அந்தக் கூட்டம் மாடிக்கு ஏறிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள் நூல் எரிந்தபோது பார்த்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர். முடியைக் குத்திட்டு நிற்கவைக்கும் உலோக உருண்டை, உள்ளே நுழைந்து நிற்கும் சோப்புக் குமிழி, காதோடு பேசும் நீளக் குழாய் எல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் வருத்தம் இல்லை, புலெங்குக்கு இருந்தது.

யாரும் இல்லாத வேளை பார்த்து அவளும் நிழற்சுவரின் முன் நின்றாள். கைகட்டி நின்றாள், சர்ச் தொப்பி வைத்து நின்றாள், தீக்குச்சியை உயர்த்திப் பிடித்து நின்றாள். ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி. ஒருமுறை நாற்பத்து மூன்று வந்தது, அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள். எல்லோரும் நிழலுக்கு வணக்கம் சொன்னபோது அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. டிமகாட்சோ ஒருநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து அதைக் கேட்டேவிட்டாள்.

“நீங்க மட்டும் ஏங்க்கா என் நிழலுக்கு டுமெலா சொல்ல மாட்டேங்கறீங்க?”

“அதான் நீயே எதிர்ல வந்து நிக்கிறியே, உனக்குச் சொல்றது பத்தாதா? ஒரே ஆளுக்கு ரெண்டு வாட்டியா?”

“எனக்கும் நீங்க சொல்லி ரொம்ப நாளாச்சுக்கா. யாருமே சொல்றதில்ல. நான் வந்து நிக்கிறதே தெரியலங்கறாங்க.”

பார், எப்படிப் பெருமையடிக்கிறாள் என்று புலெங் நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அன்று காலை டிமகாட்சோவைத் தான் உண்மையிலேயே பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபரில் இயக்குநர் செகோட்டோ அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், கெட்ட செய்தியைப் பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்துவிட்டுத்தான் சொல்வார். “புலெங்கம்மா, ஊசலுக்கு ஒரு மோட்டார் வெச்சிரலாம்னு இருக்கோம். இனிமே காலையில திறப்பு நிழற்சுவர்கிட்ட. நீங்க அங்க வரிசையைப் பாத்துக்கிட்டாப் போதும்.” பதினான்கு வருஷம் பூமியைச் சுற்றவிட்டவள், ஒரு மக்வின்யா நிழலைப் பார்க்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்த வேண்டும். புலெங் பிஸ்கட்டைத் தொடாமல் வெளியே வந்தாள்.

மறுநாள் கதவு திறப்பதற்கு அரைமணி முன்னால் மாடியேறினாள். நிழலின் பாதங்கள் சுவரிலிருந்து இறங்கித் தரையிலும் இரண்டு சாண் படிந்திருந்தன. ஓடிவருகிற குழந்தைகள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். அடுத்தவர் செரிதியை மிதிப்பது கன்னத்தில் அறைவதைவிடக் கேவலம். புலெங் செருப்புக் காலோடு அதன்மேல் ஏறி நின்றாள். தன் நிழலால் அந்த நிழலை அடியோடு மூடிவிடுவதுதான் திட்டம். நிமிர்ந்து, மார்பை விரித்து, நேராகப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஆனால் பொத்தானுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அரை விநாடி இருக்கிறது. அந்த அரை விநாடியில், முழுதாக மூடியிருக்கிறதா என்று பக்கவாட்டில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டாள்.

நிழல் ஒட்டிக்கொண்டது. நாற்பது விநாடி போயிற்று, கதவு திறந்தது, கூட்டம் வந்தது, அது இருந்தது. டிமகாட்சோவின் நிழல் ஒரு மயிரளவும் மறையவில்லை. பக்கத்தில் புலெங்கின் நிழல் கழுத்து நீண்டு, முதுகு வளைந்து, அந்த மக்வின்யாவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பெரியவர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் சத்தமாகச் சொன்னாள், “அந்தம்மா ஒரு கடி கேக்குறாங்க.” புலெங் அங்கேயே நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வெயில் சாய்ந்த சாலையோரம், நகர மையம் போக வேண்டும் என்பதற்கு அடையாளமாக ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு, வழியெல்லாம் ஆள் ஏற்றிப் போகும் வேன் டாக்ஸிக்காக அவள் நின்றாள். ஒன்பது டாக்ஸிகள் பாதி காலியாக அவளைத் தாண்டிப் போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே குனிந்தாள், பக்கத்து விளக்குக் கம்பத்துக்கு நிழல் இருந்தது, தனக்கு இல்லை. தலை நிமிர்ந்தபோது தோளுக்குத் தோள் தொடுகிற தூரத்தில் டிமகாட்சோவும் விரலை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

“எப்பலேர்ந்து நிக்கிற?”

“அஞ்சு மணிலேர்ந்துக்கா. தினமும் இப்படித்தான். பாதி நாள் நடந்தே போயிருவேன்.”

“ஏழு மாசமாவா? என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னேனே. அன்னிக்குக் கேன்டீன்ல.”

“இன்னிக்கு உன் நிழலை மிதிச்சுட்டேன்” என்றாள் புலெங்.

“தெரியும்க்கா. காலைலேர்ந்து முதுகு வலிக்குது” என்றாள் டிமகாட்சோ. இருவரும் சேர்ந்து விரலை உயர்த்தினார்கள். பத்தாவது டாக்ஸி நின்றது. ஓட்டுநர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஓர் ஆள்தானே, ஓர் இடம் இருக்கிறது என்றார். அதில் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

மோட்டார் ஒரே மாதத்தில் ஊசலைக் கோணலாக்கியது, தீப்பெட்டி புலெங்கின் கைக்குத் திரும்பி வந்தது. இன்றும் மூன்று நான்கு பேர்தான் பார்க்கிறார்கள். அவளுக்குப் பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, அது சுவரிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவளும் டிமகாட்சோவும் எங்கே போனாலும் ஒன்றாகவே போகிறார்கள், இல்லாவிட்டால் ஆள் இருப்பது தெரியாமல் கதவை முகத்தில் சாத்திவிடுவார்கள். நிழற்சுவரில் மாறியது ஒன்றுதான். இருப்பது இரண்டு பேர் என்பதால் இப்போது யாரும் டுமெலா என்பதில்லை, டுமெலாங் என்கிறார்கள். கடைசியில் ஒட்டிய அந்த ‘ங்’ தன்னுடையது என்று புலெங்குக்குத் தெரியும், வரிசையின் ஓரத்தில் நின்று அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். சில பிள்ளைகள் அவசரத்தில் அதை விழுங்கிவிடுவார்கள். அப்போது டிமகாட்சோ வரிசையை நிறுத்தி மறுபடியும் சொல்லச் சொல்வாள், அவர்களும் சொல்வார்கள்.