ஒன்றும் குத்தாத செருப்பு

கடலோர ஏரியின் இடுப்பளவுத் தண்ணீரில் ருமானா அப்படியே உறைந்து நின்றுவிட்டாள். வலது காலுக்கடியில் ஏதோ நழுவியது. சேறா, திருக்கை மீனா?

திருக்கை முள் துளைக்காத செருப்பு செய்யத்தான் அவளும் கல்லூரித் தோழர்கள் மூவரும் ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடிப்பாகத்தை இரண்டு விரல் கனமாக்கியது அவள் யோசனை. கணுக்காலுக்கு உறை தைக்காமலே இன்று அதைப் போட்டுப் பார்க்க இறங்கிவிட்டாள்.

பக்கத்தில் வெறுங்காலோடு நின்று சேற்றில் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த ரோசி நிமிர்ந்தாள். "இன்னா ஆச்சு?"

"காலுக்கடியில ஏதோ கீதுக்கா."

"மீனா, சேறா?"

"தெரியல. செருப்பு ரொம்ப மொத்தமா கீது."

"நல்லா செஞ்ச போ! அசையாத."

தோணிரேவு கிராமத்துக் கரையிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தோழர்கள் உற்சாகமாகக் கையாட்டினார்கள். பதிலுக்குக் கையைத் தூக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ரோசி காலைத் தூக்காமல், சேற்றில் தேய்த்துத் தேய்த்தே வந்து சேர்ந்தாள். தன் பாதத்தால் வலது செருப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"வெறும் சேறுதான்."

ருமானாவுக்கு உயிர் வந்தது. கரைக்குத் திரும்ப இடது காலைத் தூக்கப் போனாள். அந்தப் பக்கம் பாதத்தை நகர்த்திய ரோசி சட்டென்று அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"அந்தக் காலைத் தூக்காத. அதை ஒட்டித்தான் திருக்கை படுத்துக்கினு கீது."