மெழுகு குடித்த பிக்கப்

ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறைக் கதவைத் திறந்ததுமே மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. கிட்டாருக்கு பிக்கப் சுற்றுவது, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிக்கு அனுப்பும் செம்புச் சுருளைச் சுற்றுவது, என் வேலை. கட்டையை அறுப்பது, இழைப்பது, ஒட்டுவது எல்லாம் என் கூட்டாளி ஔலிஸுடையது. மெழுகுச் சட்டிப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். ஆனால் சட்டி அடுப்பின் மேல் இருந்தது, மெழுகின் மேல் புதிதாக ஆடை படிந்திருந்தது.

"எதைடா முக்கினே?"

"யார்மோவோட பிக்கப்பைத்தான். கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குச்சு. நீயும் படுத்துட்டே. காலையில வந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கச்சேரிகளில் வாசிக்கிற யார்மோவின் கிட்டார் லெப்பா மரத்தில் செய்தது. நாங்கள் மீனுக்குப் புகை போடுகிற அதே மரம்தான். வேனிலிருந்து விழுந்து உடம்பு விரிசல் விட்டிருந்தது. விரிசலை மூடு, சத்தத்தை மட்டும் மாற்றிவிடாதே என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். போயும் போயும் ஔலிஸிடம். அவனுக்குச் சத்தம் என்றால் மரம்தான். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளைத் தட்டிக் காட்டி, கூடப் பிறந்ததுகள் மாதிரி, இது ஒன்று பேசும் அது ஒன்று பேசும் என்பான். கம்பியின் அதிர்வு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், அதில் எது சீக்கிரம் சாகும் என்பதை வேண்டுமானால் மரம் தீர்மானிக்கட்டும், கேட்கிற காது பிக்கப்தான், அதன் காதில் விழாதது ஆம்ப் வழியாக வெளியே வராது என்பேன் நான். இந்தச் சண்டை இல்லாமல் எங்களுக்குக் காபி இறங்காது.

யார்மோவின் பிக்கப்பை நான்தான் கையால் தளர்வாகச் சுற்றிக் கொடுத்தேன். மெழுகு கூடவே கூடாது என்று சொல்லியிருந்தான். மெழுகு குடிக்காத சுருளில் செம்புக் கம்பி உள்ளே சும்மா இருக்காது, நடுங்கும். ஆம்ப் பக்கத்தில் போனால் கீச்சிடும். ஆனால் வாயை அதன் மேல் வைத்துக் கத்தினால் குரலையும் பிடித்துக்கொள்ளும், தகரக் கொட்டகைக்குள்ளிருந்து கத்துவது போல ஆம்பில் வரும். கச்சேரி முடிந்ததும் யார்மோ கிட்டாரை முகத்துக்கு நேரே தூக்கி, எங்கள் பேட்டையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஹெர்வந்தா, வீட்டுக்குப் போங்கடா!" என்று அதற்குள் கத்துவான். ஊரே சிரித்துக்கொண்டு, கழற்றி மாட்டிய கோட்டைத் தேடும். மேடையில் அவன் வாயிலிருந்து வேறு ஒரு சொல் வந்ததில்லை.

அவனுக்குத் தொண்டையில் புற்று. திங்கட்கிழமை காலை குரல்வளையை முழுசாக எடுக்கப்போகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்பதால் கச்சேரியை அந்த ஞாயிறு மதியத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த ஒரு கத்தலுக்காக அவன் வீட்டில் பேசுவதையே விட்டிருந்தான். மனைவி ஸெய்யாவிடம்கூட சைகைதான்.

"அவன் கத்துறது எதுக்குள்ள போகுதுன்னு நினைச்சே?"

"மரத்துக்குள்ள. வேற எங்க? அந்த லெப்பா இன்னும் கிண்ணுனு இருக்கு மெர்வி, ஒட்டினப்புறம் தட்டிப் பார்த்தேன்."

பெருமையாகத்தான் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். கொட்டாப்புளியை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. அவன் கேவலமாக எதையும் செய்திருக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். கீச்சிடுகிற கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பட்டறைக்காரனுக்கும் மனசு வராது.

மெழுகை ஊற்றலாம், திரும்ப எடுக்க முடியாது. வேறு யாருக்கோ சுற்றி வைத்திருந்த, மெழுகு படாத பிக்கப் ஒன்று மேசையில் கிடந்தது. அவன் கத்துவதற்குள் மாற்றிவிடலாம் என்று அதையும் ஈயப் பற்றுக்கோலையும் பையில் போட்டுக்கொண்டேன். ஔலிஸ் வண்டி ஓட்டினான். யார்மோவுக்கு போன் அடித்தேன். பேசுவதையே விட்ட மனிதன் போனை எடுப்பானா? ஸெய்யாவும் எடுக்கவில்லை.

நாங்கள் அரங்கத்துக்குள் நுழைந்தபோது கடைசிப் பாட்டு பாதியில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கிட்டார் அவ்வளவு சுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கீச்சு இல்லை.

பாட்டு முடிந்தது. யார்மோ கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினான், கிட்டாரை முகத்துக்குத் தூக்கினான். கூட்டம் சிரிக்கத் தயாராக நின்றது. அவன் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஆம்பிலிருந்து ஒன்றும் வரவில்லை.

சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருகிவிட்டு மறுபடி கத்தினான். முன்வரிசைக்கு ஏதோ கரகரப்பாகக் கேட்டிருக்கலாம். நாங்கள் நின்ற இடத்துக்கு அதுவும் வரவில்லை. பாடகன் ஓடிவந்து மைக்கை அவன் வாயருகே பிடித்தான். அதற்குள் சேர்த்து வைத்த குரல் எல்லாம் தீர்ந்துவிட்டது. சைக்கிள் பம்பிலிருந்து வருகிற மாதிரி வெறும் காற்று அரங்கம் பூராவும் கேட்டது.

"கத்திட்டானா?" என்றான் ஔலிஸ்.

"கத்திட்டான்டா."

ஔலிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

விளக்குகளைப் போட்டார்கள். யாரும் கோட்டை எடுக்கவில்லை. யார்மோ கிட்டாரை இறக்கவில்லை. ஸெய்யா மேடையேறினாள். அவன் கையை விலக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கிட்டாரின் பின்பக்கம் போய், குனிந்து, ஔலிஸ் ஒட்டுப்போட்ட மரத்தில் காதை வைத்தாள். அவன் உதடுகள் கம்பிகளின் மேல் அசைந்தன. வீட்டுக்குப் போங்கடா என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. அசைந்துகொண்டே இருந்தன.