எதுவும் படாத பக்கம்

கண்ணாடி அண்ணன் நீளமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, தகடுகளைக் கம்பியில் தள்ளி விரித்தார். பாலைக் குளிர வைக்கும் இயந்திரம் அது. ஒரு தகட்டிடுக்கில் பால் போகும், அடுத்த இடுக்கில் பனிநீர் போகும். நடுவிலிருக்கும் தகடு பாலின் சூட்டைப் பனிநீருக்குக் கடத்தும். தகடுகளை முகம் தெரியத் தேய்ப்பதால்தான் பால் நிலையத்தில் அவருக்கு அந்தப் பெயர். இப்போது அவர் சரியாகத் தேய்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

வெயில் ஏறியதிலிருந்து பால் போதுமான அளவு குளிராமல் தொட்டி தொட்டியாகத் திரிந்துகொண்டிருந்தது. தகட்டில் அழுக்குப் படிந்திருக்கிறது என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். இயந்திரம் செய்து கொடுத்த பட்டறையிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியரும் அதையே எழுதிக் கொடுத்தால், அண்ணனுக்கு இன்றோடு வேலை இல்லை.

இன்ஜினியர் தகடுகளை விரலால் தடவிப் பார்த்தான். பொட்டு அழுக்கு இல்லை. பனிநீரையும் பம்பையும் காலையிலேயே பார்த்துவிட்டான், அவற்றிலும் குறையில்லை. மிச்சமிருந்தது எத்தனை தகடு வேண்டும் என்ற கணக்கு. அதைப் போட்டவன் அவன்தான்.

கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் மறுபடி போட்டான். மணிக்கு இவ்வளவு பால், இவ்வளவு சூடு இறங்க வேண்டும், அதற்கு இவ்வளவு பரப்பு வேண்டும். அதை ஒரு தகட்டின் பரப்பால் வகுத்தான். பன்னிரண்டு. கம்பியில் தொங்குவதும் பன்னிரண்டு. அப்பாடா என்று மூச்சு விடப் போனவன் அப்படியே நின்றான். முதல் தகட்டுக்கும் கடைசித் தகட்டுக்கும் ஒரு பக்கம்தான் திரவம், மறுபக்கம் வெறும் இரும்புச் சட்டம். அவை இரண்டும் சூட்டைக் கடத்தாது. பன்னிரண்டு வேலை செய்ய வேண்டுமென்றால் பதினான்கு போட்டிருக்க வேண்டும். விலையை இறக்கச் சொல்லிப் பட்டறை முதலாளி நெருக்கியதில் உபரியாகவும் எதுவும் வைக்கவில்லை. குளிர்காலத்தில் தப்பித்தது, வெயிலில் மாட்டிக்கொண்டது. படிக்கும்போதே சொல்லிக் கொடுத்த விஷயம். அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தான். அவர் அவனுடைய மாமனாரும்கூட. முழுதாகக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை.

"மாப்ளே, நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்டா திரிஞ்ச பாலுக்கெல்லாம் நாமதான் பதில் சொல்லணும். பட்டறையே போயிடும். சுத்தம் பத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டு வா. அப்புறமா சர்வீஸ்னு சொல்லி ரெண்டு தகடு சேத்துடலாம்."

"அந்த ஆளுக்கு வேலை போயிடும் மாமா."

அவருக்கு வேறு வேலை கிடைக்கும் என்றார் மாமனார். பிறகு, பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

மேனேஜர் காகிதத்தோடு அறையில் காத்திருந்தார். சுத்தம் போதாமல் இருந்திருக்கலாம் என்று இன்ஜினியர் எழுதினான். அப்படி மழுப்பி எழுதினால் பாதிப் பாவமாவது குறையும் என்று நினைத்துக்கொண்டான். மேனேஜர் அதைப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தன் பையை எடுக்க அவன் இயந்திரத்தடிக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது. அண்ணன் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க தம்பி, இதையும் பாத்துட்டு எழுதுங்க," என்று கடைசித் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தார். சட்டத்தோடு ஒட்டியிருக்கும் புறம் அது. "இந்தப் பக்கம் பாலும் படாது, தண்ணியும் படாது. இருந்தாலும் நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னு தேச்சுட்டேன்."

தகடு கழுவும் காரத் தண்ணீரில் ஊறி அவருடைய விரல்நுனிகள் வெளுத்து உரிந்திருந்தன. அவன் குனிந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டும் வரை அவர் அதை இறக்கவில்லை.