மூன்றாம் அத்தியாயத்தின் மைனஸ்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் எங்கள் இயற்பியல் துறையில் பதினான்கு செமஸ்டருக்குள் பட்டம் வாங்காதவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். தியூர்மா சிஹோத்தாங்குக்கு அது பதினான்காவது. வாய்மொழித் தேர்வு அன்று காலை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமையோடு செமஸ்டர் முடிகிறது.

தேர்வாளர்களுக்கான சாப்பாட்டுப் பெட்டிகளை அறைவாசலில் அடுக்கிவிட்டு, அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் கை நின்றது.

சார்பியல் படிக்கிறவர்களில் இரண்டு கட்சி. காலத்துக்கு மைனஸ், இடத்துக்குப் பிளஸ் என்று போடுபவர்கள் ஒரு கட்சி; நேர்மாறாகப் போடுபவர்கள் மற்றொன்று. எதைப் பிடித்தாலும் சரி, கலந்தால் கேடு. அவள் முதல் கட்சி. அந்த அத்தியாயத்தின் சமன்பாடோ, இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் கொடுத்த குறிப்பிலிருந்து எடுத்தது. நான் இரண்டாம் கட்சி. குறிப்பின் மேலே அதை எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

"தியூர், இந்த உறுப்பு மைனஸ்ல வரணும்."

"காலங்காத்தால பயமுறுத்தாதடா கொர்னே. உங்க ஃபுளோரஸ் தீவுல இப்படித்தான் வாழ்த்துவீங்களா?"

"நெசமாத்தான். என் நோட்டு..."

பேனாவைப் பிடுங்கி, ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் மூடியிலேயே போட்டுப் பார்த்தாள். நான்கு வரி. அவளுடைய பிரபஞ்சம் வேகமெடுத்து விரிந்துகொண்டே போகவேண்டும். ஆய்வேடு முழுக்க அதைத்தான் சொன்னது. நான்காவது வரியில் அது நின்று, திரும்பி, சுருங்கியது.

"சொல்லாம விட்டுரு. அவங்க கவனிக்க மாட்டாங்க" என்றேன்.

"நான் கவனிச்சிட்டேனே, லூசு."

உள்ளே போனவள் இருபது நிமிடத்தில் வெளியே வந்தாள். முதல் ஸ்லைடைக் காட்டுவதற்கு முன்பே பிழையைச் சொல்லிவிட்டாளாம்.

"ஃபெயில். நேர்மைக்கு மார்க் போட அவங்க மதிப்பெண் தாள்ல கட்டம் இல்லயாம்டா" என்றாள்.

பின்னாலேயே அவளுடைய ஆய்வு வழிகாட்டி குஸ்னாதி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு வருஷமா நானும்தானே படிச்சேன். அந்தச் சமன்பாட்டை எங்கேருந்தும்மா எடுத்தே? வேற யாராவது குடுத்ததுன்னா சொல்லு. அதக் காட்டித் துறைத்தலைவர்கிட்ட இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவசரப்படாமல், நான் பேசுவதற்குப் போதுமான நேரம் பார்த்தாள்.

"நானே போட்டதுதான் ஐயா."

நான் சுவரில் ஒட்டியிருந்த அடுத்த செமஸ்டர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைச் சார்பியல் வகுப்புக்கு நேரே, உதவி விரிவுரையாளர் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள்.